ரத்தத்தில் ஒரு வால்

அத்தியாயம் ஏழு

நான்காவது சங்கும் நாறவில்லை.

முதல் மூன்றும் நாறவில்லை என்பது ஜெபசுதாவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. மனதுக்குள் தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள். தூத்துக்குடியில் பிழைப்பு நடத்துகிறவளுக்கு, கடலிலிருந்து வந்த ஒரு சாமான் நாறவில்லை என்றால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

"மேடம், ரொம்ப நேரமா மோந்துக்கிட்டே இருக்கிய. நாய் வேலையெல்லாம் என் வேலைன்னுதான நம்ம பேச்சு?" என்றான் செந்தூர்பாண்டி.

ஜெபசுதா நாசரேத்துக்காரி. சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள். செந்தூர்பாண்டி அப்போது அவளுடைய ஜீப் டிரைவர். அவள் ராஜினாமா கொடுத்த வாரமே அவனும் கொடுத்தான். ஏன் என்று கேட்டால், "புதுசா வந்த எஸ்.ஐ. டீக்குக் காசு கொடுக்க மாட்டாரு" என்பான். உண்மையான காரணத்தைச் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கிங்ஸ்டன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. துறைமுகச் சாலையில் உப்பளங்களைத் தாண்டி நிற்கும் இந்தக் கடல் உயிரியல் ஆய்வகத்துக்கு அவர் இயக்குநர். கூம்பு வடிவச் சங்குக்குள் வாழும் ஒரு நத்தை, ஊசி மாதிரி ஒரு முள்ளை எய்து மீனை அப்படியே முடக்கிப் போடும். அந்த விஷத்திலிருந்து வலிக்கு மருந்து செய்வதுதான் இங்கே வேலை.

அந்தக் கூம்புச் சங்கில் ஒன்று, நான்கு வெள்ளிக்கிழமைகளாக, அவர் மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. யார் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. எதற்கு என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ரெக்சனுக்காகத்தான்" என்றார், போன மூன்று வாரமும் சொன்ன மாதிரியே. "திரேஸ்புரத்துக்காரங்க யாரோ."

ரெக்சன், திரேஸ்புரம் என்ற மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த, சங்கு குளிக்கும் தொழிலாளி. ஆய்வகத்துக்கு உயிருள்ள நத்தைகளை எடுத்துக் கொடுத்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆய்வகத்தின் படகுக் கொட்டகையில் செத்துக் கிடந்தான். வெறுங்கையால் நத்தையை எடுத்து இடுப்புப் பையில் போட்டான், அது கையில் குத்திவிட்டது, அவனுடைய கவனக்குறைவு என்று ஆய்வகம் அறிக்கை கொடுத்தது. கீழே கிங்ஸ்டன் கையெழுத்து.

"நாங்க மூணு வாரமா திரேஸ்புரத்துல சுத்துனது தண்டம் சார்" என்றாள் ஜெபசுதா. "இத வச்ச ஆளு இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு."

கிங்ஸ்டனின் கை கழுத்திலேயே நின்றது. அவருக்குப் பக்கத்தில் நின்ற ஜாய்சன் லேசாகச் சிரித்தார். ஜாய்சன் அங்கே இரண்டாம் ஆள். நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, எல்லோருக்கும் நல்லவர்.

"எப்படிச் சொல்றீங்க மேடம்?"

"கடக்கரை ஆளுங்க சங்கைச் சுத்தம் பண்ணணும்னா மண்ணுல புதைச்சு எறும்பைத் தின்ன விடுவாங்க. உள்சுருள் வரைக்கும் எறும்பு போகாது. வீச்சம் மாசக்கணக்கா நிக்கும். கடைக்காரன் ஆசிட்ல முக்குவான், மினுமினுப்பு போயிரும். இது மினுமினுப்பும் போகல, வீச்சமும் இல்ல. ஓட்டைத் தொடாம சதையை மட்டும் கடைசிச் சுருள் வரைக்கும் எது சார் திங்கும்?"

கிங்ஸ்டன் யோசிக்கவே இல்லை. "என்சைம். டி.என்.ஏ. எடுக்கறதுக்குச் சதையை அதுலதான் கரைப்போம். புரோட்டீன் பூராவையும் தின்னுரும்."

"அந்த என்சைம் வெளியிலும் விலைக்குக் கிடைக்கும்" என்றார் ஜாய்சன், கொஞ்சம் அவசரமாக.

"கிடைக்கும் சார். கத்தரிக்கா வாங்கப் போற எடத்துல கிலோ கணக்குல அள்ளிப் போடுதான்" என்றான் பாண்டி.

"இங்க சதையைக் கரைக்கிறது யாரு?" என்று கேட்டாள் ஜெபசுதா.

"டெக்னீஷியன். விஜிலா."

*

விஜிலாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, இறுக்கிப் பின்னிய சடை, தூங்காத கண். பின்கட்டில் இருந்த சோதனை அறையில் தனியாக நின்று கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெபசுதா சங்கை அவள் முன்னால் வைத்தாள். விஜிலா அதைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள்.

"ஆமா, நாலும் நான்தான் வச்சேன். அஞ்சாவது வைக்கத் தேவை இருக்காது."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று ஜெபசுதா எதிர்பார்க்கவில்லை. கேட்கத் தயாராக வைத்திருந்த பத்துக் கேள்விகளும் வீணாகிப்போயின.

"ரெக்சன் உனக்கு யாரு?"

"கூடப் பொறந்த தம்பி. நான் கட்டிக்கிட்டுக் கொச்சிக்குப் போயிட்டேன். அங்கன ஒரு லேப்புல இதே வேலைதான். அவன் செத்த பொறவு வந்து இங்க சேந்தேன். கிங்ஸ்டனுக்கு நான் யாருன்னு தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஜாய்சன் சாருக்கு. அவருதான் மனசு எரங்கி வேலை போட்டுக் கொடுத்தாரு."

விஜிலா கையைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியது கிசுகிசுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் பல்லுக்கிடையில் அரைபட்டு வந்தது.

"இருவது வருசம் முங்குனவன் மேடம் அவன். அந்தச் சங்கை வெறுங்கையில தொடப்படாதுன்னு எங்க தெருவுல பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவன் அடக்கத்துக்கு வந்தவன் பூரா, 'தொழில் தெரியாமச் செத்தாம்'னு பேசிட்டுப் போனான். அவன் மகன் கடக்கரைக்குப் போனா, 'ஒங்கப்பன் இடுப்புல என்னல வச்சான்'னு கேட்டுச் சிரிக்கானுவ. செத்தவனைக் கொன்னது ஒரு தடவை. பேரைக் கொன்னது தெனமும். ஒரு கையெழுத்துதான் மேடம், அதப் போட்டவனை நான் சும்மா விட்டுருவேனா?"

ஜெபசுதாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அது இந்த வேலைக்கு ஆகாது என்று தெரிந்தும் பிடித்துப்போயிற்று.

"சங்கு வச்சுப் பயங்காட்டினா தம்பி பேரு சுத்தமாயிருமா?"

விஜிலா உறைபெட்டியைத் திறந்தாள். வெள்ளைப் புகை தரையில் இறங்கியது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குழாய் இரண்டை எடுத்து ஐஸில் குத்தி வைத்தாள். இரண்டிலும் அச்சடித்த ஸ்டிக்கர். ஒன்றில் 'ரெ - முன்'. மற்றதில் 'ரெ - பின்'.

"ரத்தம். போன மாசம் கிங்ஸ்டனோட உறைபெட்டியைச் சுத்தம் பண்ணும்போது கெடச்சுது. என் எச்சியையும் எடுத்து ரெண்டு டி.என்.ஏ.வையும் ஒத்துப் பாத்தேன். கூடப் பொறந்தவங்களுக்கு எப்படிப் பொருந்தணுமோ அப்படிப் பொருந்திச்சு. என் தம்பிதான்." ஸ்டிக்கர்களைத் தொட்டுக் காட்டினாள். "முன்னுல விஷம் இல்ல. பின்னுல இருக்கு."

"நத்தை குத்தினாலும் ரத்தத்துல விஷம் இருக்கும்ல?"

"இருக்கும். நத்தை குத்தப் போறதுக்கு முன்னாடியே ஒருத்தன் 'முன்'னு எழுதி ரத்தம் எடுத்து வச்சிருக்கானே, அவனுக்கு நத்தை தாக்கல் சொல்லி அனுப்பிச்சா?"

பாண்டி விசிலடிக்க வாயைக் குவித்து, மேடம் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

இப்போது படம் தெளிவாயிற்று. ரெக்சனுக்கு யாரோ மருந்தை ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். இன்னும் எலிக்குக்கூடச் சரியாகக் கொடுத்துப் பார்க்காத மருந்தை. போடுவதற்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம், போட்ட பிறகு ஒரு குழாய் ரத்தம். அவன் செத்ததும் கையில் நத்தை முள்ளைக் குத்திக் கதை கட்டிவிட்டார்கள்.

"கொன்னுட்டு அந்த ரத்தத்தை ஏன் பத்திரமா வச்சிருக்கணும்? கொட்டிட்டுப் போக வேண்டியதுதான?" என்றான் பாண்டி.

"ஆராய்ச்சிக்காரங்க குணம் தெரியாமப் பேசுதிய அண்ணாச்சி. முன்னும் பின்னும் எடுக்காம இவங்களால ஒரு சொட்டு மருந்து கொடுக்க முடியாது. எடுத்துட்டா அதத் தூக்கிப் போடவும் முடியாது. பெத்த தாயை வெளிய அனுப்பிட்டாவது பெட்டியில எடம் பண்ணுவாங்க."

"சரி, ஊசியில இருந்த மருந்தை யாரு செஞ்சது?" என்றாள் ஜெபசுதா.

"கிங்ஸ்டன். ஜாய்சன் சார் சொன்னாரு, அந்த நேரத்துல இத செஞ்சது கிங்ஸ்டன் ஒருத்தர்தான்னு."

"அவரு சொன்னது இருக்கட்டும். உன் சோதனை என்ன சொல்லிச்சு?"

"விஷம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லிச்சு" என்றாள் விஜிலா. ஜெபசுதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மருந்தை எப்படிச் செய்வாங்கன்னு முதல்ல இருந்து சொல்லு. பாண்டிக்குப் புரியுற மாதிரி சொல்லு, எனக்குப் புரிஞ்சிரும்."

"அவமானப்படுத்துதது உங்களுக்கு உரிமை மேடம்" என்றான் பாண்டி.

விஜிலா சொன்னாள். நத்தையிடமிருந்து விஷத்தைக் கறந்தால் ஒரு சொட்டுதான் வரும். ஆகவே விஷத்தைச் செய்யச் சொல்லும் ஜீனை மட்டும் எடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைப்பார்கள். ஜீன் என்பது சமையல் குறிப்பு, புரோட்டீன் என்பது சமைத்த சோறு. பாக்டீரியா அது யாருடைய குறிப்பு என்று கேட்காமல் சமைத்துத் தள்ளும். சங்கடம் என்னவென்றால், அது தன் சாமான் ஆயிரத்தையும் சேர்த்தே சமைக்கும். அந்தக் கூட்டத்தில் நம்முடையதை மட்டும் தனியே பிடித்து இழுக்க வேண்டும். அதற்காக ஜீனின் கடைசியில் நாலு எழுத்து கூடச் சேர்த்து, புரோட்டீனுக்குச் சின்னதாக ஒரு வால் வைத்துவிடுவார்கள். அந்த வாலை மட்டும் பிடிக்கும் கொக்கியை விட்டு இழுத்தால் நம் சாமான் மட்டும் வரும்.

"நத்தை விஷத்துக்கு வால் உண்டா?"

"கெடையாது. மருந்தாக் கொடுக்கணும்னா வாலை வெட்டிட்டுத்தான் கொடுக்கணும். வெட்டுதது நச்சுப்பிடிச்ச வேலை, பாதிச் சரக்கு வீணாப் போயிரும். அவசரப்பட்டவன்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அவசரப்பட்டவன் வாலோட ஏத்திருப்பான்" என்று முடித்தாள் ஜெபசுதா. "இங்க எல்லாரும் ஒரே வால்தான் வைப்பாங்களா?"

விஜிலாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. "இல்ல. கடலுக்குள்ள போட்டுக்காரன் ஒவ்வொருத்தனும் வலையில தன் கலரு மிதவையக் கட்டுதாம்லா, அது மாதிரி. கிங்ஸ்டனுக்கு ஒரு வால், ஜாய்சன் சாருக்கு ஒரு வால். கொக்கியும் தனித்தனி. நான் போட்டது விஷத்தைப் பிடிக்கிற கொக்கி மட்டும்தான். வாலைப் பாக்கல. அதான் ஜாய்சன் சார் சொல்லிட்டாரேன்னு..."

"கிங்ஸ்டன் பெட்டியைச் சுத்தம் பண்ணச் சொன்னது யாரு?"

விஜிலா குழாய்களை ஐஸில் இன்னும் ஆழமாகக் குத்தினாள்.

"ஜாய்சன் சார்" என்றாள் விஜிலா. உடனே தலையை ஆட்டினாள். "அவரு நல்லவரு மேடம். நான் வந்த அன்னைக்கு எனக்காக அழுதாரு."

"அழட்டும். ரெண்டு வாலையும் பாரு. அதுக்கு ரத்தம் காணுமா, பத்தாதா?"

"காணும். பாதி மிஞ்சும்."

"மிஞ்சுத பாதியை ஐஸ் டப்பால போட்டுப் பாண்டி கையில கொடு. இன்னொரு விஷயம். கொக்கியே கெட்டுப்போயிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்ச சாமானைப் பக்கத்துத் தடத்துல ஓட்டுவோம். கிங்ஸ்டன் புரோட்டீன் ஒண்ணு, ஜாய்சன் புரோட்டீன் ஒண்ணு. கன்ட்ரோல்னு பேரு. போன தடவை ஓட்டல. ரத்தம் கொஞ்சமா இருக்கு, வீணா நேரத்தைக் கடத்தாதன்னு சார் சொன்னாரு."

"ஸ்டேஷன்ல அடையாள அணிவகுப்பு நடத்தும்போது நம்ம ஏட்டையாவையும் வரிசையில நிறுத்துவோம். சாட்சி அவரைக் கைகாட்டினா சாட்சி பொய்யின்னு தெரிஞ்சிரும். இந்தத் தடவை ஏட்டையாவை நிறுத்து."

*

ஜெபசுதா நேரே கிங்ஸ்டன் அறைக்குப் போய், ஜாய்சனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கிங்ஸ்டனின் உறைபெட்டியில் ரெக்சனின் ரத்தம் கிடைத்திருக்கிறது, அதில் யாருடைய வால் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும் என்று போட்டு உடைத்தாள். சங்கு வைத்தது யார் என்பதைச் சொல்லவில்லை.

கிங்ஸ்டன், "ரெக்சன் ரத்தமா? இங்கயா? என் பெட்டியிலயா?" என்று மூன்று தடவை கேட்டார். ஜாய்சன் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லது மேடம். எல்லாருக்கும் நிம்மதி" என்றார்.

மத்தியானம் எல்லோரும் கேன்டீனில் உட்கார்ந்தபோது ஜாய்சனின் நாற்காலி காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, மத்தியானம் சாப்பிட மாட்டார் என்று யாரோ சொன்னார்கள். பாண்டி மட்டும், ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஜாய்சனின் பங்கு மீன்குழம்பையும் சேர்த்து ஒரு கை பார்த்தான். "ரத்தத்தை மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிட முடியுதால உனக்கு?" என்று ஜெபசுதா கேட்டதற்கு, "என் பெண்டாட்டி பேசுத பேச்சக் கேட்டுக்கிட்டே சாப்பிடுதவன் மேடம் நானு" என்றான்.

விஜிலா சாப்பிட வரவில்லை. அவள் ஒரு சொட்டும் சிந்தாமல் வேலை செய்ததை ஜெபசுதா கண்ணாடி வழியே பார்த்தாள். ரத்தத்திலிருந்த புரோட்டீன்களை ஜெல்லில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்தாள். பிரிந்ததை அப்படியே இரண்டு வெள்ளைத் தாளுக்கு மாற்றினாள். பிறகு வெளியே நடைவழியிலிருந்த குளிர் அலமாரியிலிருந்து கொக்கிகள் இருந்த குப்பிகளை எடுத்து, ஒரு தாளை கிங்ஸ்டன் கொக்கியிலும் மற்றதை ஜாய்சன் கொக்கியிலும் ஊறவைத்தாள். கொக்கி எங்கே பிடிக்கிறதோ அங்கே ஊதாக் கோடு விழும்.

ஒன்று மட்டும் ஜெபசுதாவை உறுத்தியது. நடு நடுவே விஜிலா தலையை நிமிர்த்தி, முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்த கிங்ஸ்டன் அறையின் ஜன்னலைப் பார்த்தாள். அறைக்குள் இருந்த சின்ன ஃபிரிட்ஜைப் பார்க்கிறாள் போலிருந்தது.

வெயில் தணிந்தபோது விஜிலா அவர்களைக் கூப்பிட்டாள். தட்டில் முதல் தாள் கிடந்தது. பென்சிலால் நாலு தடம் குறித்திருந்தாள்: முன், பின், கி, ஜா.

"கிங்ஸ்டன் கொக்கியில ஊறுன தாளு" என்றாள். "பாருங்க."

'பின்' என்ற இடத்தில் ஊதாக் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது.

விஜிலா அழுவாள் என்று ஜெபசுதா நினைத்தாள். அவள் சிரித்தாள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு அது. "சாட்சி சொல்லிட்டான் மேடம் என் தம்பி. செத்துக் கெடந்துக்கிட்டே அவனைக் காட்டிக் கொடுத்துட்டான். நீங்க வீட்டுக்குப் போங்க. கிங்ஸ்டன் சங்கதி இன்னும் கொஞ்ச நேரத்துல தானா முடிஞ்சிரும்."

"தானா எப்படி முடியும்?"

ஜெபசுதா தாளைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீ ஒரு தடத்தை மட்டும் பாத்துட்ட. ஏட்டையாவைப் பாக்கல."

"என்ன?"

"'கி'ங்குற தடத்துல கிங்ஸ்டனோட புரோட்டீனைத்தான ஓட்டின? அங்க ஏன் வெறுமனே கெடக்கு?"

விஜிலா குனிந்தாள்.

"'ஜா'ங்குற தடத்துல கோடு தடிமனா விழுந்திருக்கு. கிங்ஸ்டன் கொக்கி கிங்ஸ்டனை விட்டுட்டு ஜாய்சனைப் பிடிக்குமா?"

"கல்யாண வீட்டுல மாப்பிள்ளைய விட்டுட்டுத் துணை மாப்பிள்ளைக்கு மாலை போட்ட மாதிரில்லா இருக்கு" என்றான் பாண்டி.

விஜிலா இரண்டாவது தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். ஜாய்சன் கொக்கியில் ஊறிய தாளில் 'கி' மட்டும் ஊதாவாக இருந்தது. 'பின்' வெள்ளையாக இருந்தது.

"குப்பி மாறியிருக்கு" என்று முனகினாள். "சரக்கை இதுல இருந்து அதுக்கும், அதுல இருந்து இதுக்கும் மாத்தி ஊத்திருக்கான்."

"மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஒருத்தர் மட்டும் ஒருசந்தி இருந்தாரு" என்றாள் ஜெபசுதா. "மேல என்ன பேரு எழுதிருந்தா என்ன? எதைப் பிடிக்குதோ அதுதான் அந்தக் கொக்கி. ஜாய்சனைப் பிடிக்கிற கொக்கிதான் உன் தம்பி ரத்தத்துலயும் பிடிச்சிருக்கு. நீ முன்ன மாதிரியே கோபத்துல கன்ட்ரோல் ஓட்டாம விட்டுருவன்னு நம்பி மாத்திருக்கான். கிங்ஸ்டன் குற்றவாளியா இருந்தா தன் தலையில விழுற மாதிரியா மாத்துவாரு? உன்னை வேலைக்குச் சேத்து, ரத்தத்தை அவரு பெட்டிக்கு நகத்தி, உன்னை விட்டே எடுக்க வச்சு, உன் கையில கத்தியைக் கொடுத்து அவரைக் காட்டிவிட்டிருக்கான். அவருக்கு அப்புறம் அந்த நாற்காலி யாருக்கு வரும்?"

விஜிலா கேட்டுக்கொண்டிருந்த மாதிரியே தெரியவில்லை. அவள் பார்வை ஜன்னலுக்குப் போயிருந்தது. அந்த அறையில் விளக்கு எரிந்தது. கிங்ஸ்டன் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டிருந்தார்.

"மாதாவே" என்றாள். "அவரு இன்சுலின்."

*

முற்றத்தில் ஜெபசுதாவும் ஓடினாள். ஆனால் விஜிலாவை எட்டிப்பிடிக்க முடியவில்லை. கொல்லப் புறப்பட்டவள் இத்தனை வேகமாகக் காப்பாற்ற ஓடி ஜெபசுதா தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

கிங்ஸ்டன் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசியை வைத்திருந்தார். விஜிலா அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். சிரிஞ்சு பறந்து சுவரோரம் விழுந்தது.

"குத்தாதீங்க சார். அது இன்சுலின் இல்ல. நான்தான் விஷத்தைக் கலந்து வச்சேன். ரெக்சன் என் தம்பி."

கிங்ஸ்டன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவருக்கு விஷயத்தை விளக்க ஜெபசுதாவுக்குச் சில வாக்கியங்களே தேவைப்பட்டன. பாதியிலேயே அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"நத்தை குத்திருச்சுன்னு ஜாய்சன் சொன்னான். எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். நான் கையெழுத்துப் போட்டேன். போன மாசம்தான் பழைய மருந்து ஸ்டாக் குறையுதேன்னு அவன்கிட்ட கேட்டேன். அதோட இந்தச் சங்கு வர ஆரம்பிச்சுது."

"உடம்பைப் போய்ப் பாத்தியளா?" என்றாள் விஜிலா.

"இல்ல."

ஜெபசுதாவுக்கு அந்த மனிதரை அறையலாம் போல இருந்தது. நத்தையின் ஜீனை எழுத்து ஒன்றுவிடாமல் படிக்கத் தெரிந்தவர், செத்தவன் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வெளியே சத்தம். பாண்டி ஜாய்சனின் இஸ்திரிச் சட்டையைக் காலரோடு கொத்தாகப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். மற்ற கையில் ஐஸ் டப்பா. "சாரு பைக்கை உதைச்சு உதைச்சுக் களைச்சுட்டாரு மேடம். பிளக்கு என் பையில இருக்குன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

ஜாய்சன் முதலில் மறுத்தார். தாள்கள் இரண்டையும் அவர் முன்னால் விரித்ததும் மறுப்பது நின்றது. எந்தக் கொக்கி எதைப் பிடிக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"அவன்தான் கேட்டான்" என்றார். "தோள்வலி தாங்கலன்னு கேட்டான். கொஞ்சம்தான் போட்டேன். நான் காப்பாத்தத்தான் பாத்தேன்."

"காப்பாத்தப் பாத்தவன் ஆஸ்பத்திரிக்குல்ல தூக்கிருப்பான். நீ ரத்தம் எடுத்திருக்க" என்றாள் ஜெபசுதா. இவனை விஜிலாவிடம் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றுவிடலாமா என்று ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தாள்.

ஜாய்சனின் கண் சுவரோரம் கிடந்த சிரிஞ்சில் விழுந்தது. குரலில் தைரியம் திரும்பியது. "போலீஸைக் கூப்பிடுங்க. நல்லா கூப்பிடுங்க. நான் போட்டது மருந்து. இவ கலந்தது விஷம். நான் உள்ள போனா இவளும் உள்ள வருவா. யோசிச்சுக்கோ விஜிலா. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

கிங்ஸ்டன் அவசரமாகத் தலையை நிமிர்த்தினார். "நான் புகார் கொடுக்க மாட்டேன்மா. எனக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பழைய அறிக்கையையும் யாரும் கிளற வேண்டாம். இதோட விட்டுருவோம்."

இருவரும் விஜிலாவிடம் கேட்டது ஒரு மௌனம்தான். அதைக் கொடுத்தால் விஜிலா இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். ஜெபசுதா அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

விஜிலா வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள்.

"சார், வார ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் திரேஸ்புரத்துக்கு வரணும். எங்க கோயில் வாசல்ல நின்னு, ரெக்சன் தொழில் தெரியாமச் சாகலைன்னு ஒங்க வாயால சொல்லணும். அவன் மகன் முன்னால சொல்லணும். வரலைன்னா எங்க ஆளுவ வந்து கூட்டிட்டுப் போவாங்க, அது ஒங்களுக்கு மரியாதையா இருக்காது." பிறகு ஜெபசுதாவிடம் திரும்பினாள். "கூப்பிடுங்க மேடம். நான் கலந்ததையும் நானே சொல்லுதேன்."

"கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? ஜெயிலுக்குப் போவ" என்று கத்தினார் ஜாய்சன்.

"போறேன். நீ வருவேல்லா? அது போதும்."

ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு ஜீப் வந்தது. இன்னொன்று யாரோ பெரிய மனிதர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தது. வந்த இன்ஸ்பெக்டர் ஜெபசுதாவுக்குப் பழக்கமானவர். தாள்களையும் ஐஸ் டப்பாவையும் சிரிஞ்சையும் வாங்கிக்கொண்டு, பெண்ணை வேண்டுமானால் அடுத்த வண்டியில் அனுப்பலாம் என்றார்.

"வேண்டாம்" என்றாள் விஜிலா. "இதுலயே வாரேன்."

ஜாய்சனைப் பின்னால் ஏற்றி ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பெண் போலீஸ் கைகொடுக்க, விஜிலா ஏறி ஜாய்சனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முழங்காலும் முழங்காலும் இடிக்கும் இடம் அது. ஜாய்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கையை நீட்டி, அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தடுக்கப் போன பெண் போலீஸ், விஜிலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது.

"அவன் சாகும்போது பக்கத்துல இருந்தது நீ ஒருத்தன்தான்" என்றாள் விஜிலா. "ஊசி போட்ட ஒடனே என்ன சொன்னான், யாரைக் கூப்பிட்டான், எவ்வளவு நேரம் மூச்சு இழுத்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லு. ஸ்டேஷனுக்கு ரொம்பத் தூரம் இருக்கு. ம், ஆரம்பி."